டோர்ட்டியா எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?

மெக்சிகோ சாப்பாடு என்றாலே எண்ணெய் என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம். ‘மக்காச்சோளம்தானே, உடம்புக்கு நல்லது’ என்று டோர்ட்டியா சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை உண்டு.

வேலை விஷயமாக மெக்சிகோ நகரில் இருந்தபோது, நான் தங்கியிருந்த வீட்டு அம்மா தினமும் சுடச்சுட டோர்ட்டியா, அதாவது மக்காச்சோள மாவில் சுட்ட மெல்லிய ரொட்டி, வாங்கி வந்து துணியில் சுற்றி வைப்பார். மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துச் சுடுவதில்லை அது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைக்கிறார்கள். ஆமாம், நாம் வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. அதனால் தோல் கழன்றுவிடும், கால்சியம் கூடும், தானியத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் உடம்பில் ஒட்டும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோன வட இத்தாலியில் ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் பிடித்து ஆட்டியது.

கல்லில் வாட்டிய சின்ன டோர்ட்டியா ஒன்றில் 50, 60 கலோரிதான். கொழுப்பு ஒரு கிராம்கூடத் தேறாது. அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழி வருகிறதே, அந்தத் தண்ணீர்தான் வெளியேறுகிறது. காலியான இடத்தில் எண்ணெய் குடியேறும். இப்படிப் பொரித்த 28 கிராம் சிப்ஸில் சுமார் 140 கலோரி, 7 கிராம் கொழுப்பு. கால்சியம் எங்கும் போகாது, சரி. ஆனால் ஒரு கைப்பிடியோடு யார் நிறுத்துகிறார்கள்?

அந்த அம்மா புது டோர்ட்டியாவைப் பொரிக்கவே மாட்டார். முந்தைய நாள் மிஞ்சி விறைத்ததுதான் வாணலிக்குப் போகும். ஈரம் குறைவு, அதனால் எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். டோர்ட்டியாவைச் சுருட்டிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் என்சிலாடாவுக்கு என்றால் இடுக்கியில் பிடித்து, சூடான எண்ணெயில் இந்தப் பக்கம் ஒரு முக்கு, அந்தப் பக்கம் ஒரு முக்கு. குழம்பில் ஊறிக் கிழியாமல் இருக்க அவ்வளவு போதும். தோஸ்தாடா என்பது முழு டோர்ட்டியாவைத் தட்டையாக மொறுமொறுவென்று பொரித்ததுதான், ஆனால் அதன்மேல் மசித்த பீன்ஸ், கோஸ், தக்காளிச் சட்னி என்று ஒரு வேளைச் சாப்பாடே ஏறி உட்காரும். மக்காச்சோளப் புரதத்தில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பீன்ஸ் ஈடுகட்டிவிடும். பாக்கெட் சிப்ஸில் இது எதுவும் கிடையாது, மேலே உப்புதான்.

இப்போது வீட்டில் நான் தோஸ்தாடாவை ஓவன் அடுப்பில் வைத்தே மொறுமொறுப்பாக்குகிறேன். பொரித்ததன் ருசி வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பீன்ஸைக் கொஞ்சம் தாராளமாக வைத்துச் சமாளிக்கிறேன்.