லண்டனுக்கு வெளியேயும் சொலிசிட்டர் ஆகலாம்

இங்கிலாந்தில் சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரர் நேரடியாக அணுகும் வழக்கறிஞர், ஆவதற்கான பயிற்சி என்றாலே லண்டன் பெரிய நிறுவனம்தான் என்கிற தொனியில் ஒரு கட்டுரை படித்தேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு சின்ன ஊர் அலுவலகத்தில் பயிற்சி எடுத்தவன். ஆறு ஆறு மாதமாக நான்கு பிரிவு, முதலில் வீடு விற்பனை, அப்புறம் உயில், குடும்ப வழக்கு, கடைசியில் சிவில். இரண்டாம் வாரமே கட்சிக்காரர் எதிரில் உட்கார வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், வீடு மாறுகிறவர்கள் சாமானெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டுத் தெருவில் நின்றுகொண்டு, பணம் வந்துவிட்டதா, சாவி எப்போது என்று மணிக்கு நான்கு முறை கூப்பிடுவார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியதை எந்த வகுப்பிலும் கற்க முடியாது. சம்பளம் குறைவுதான், சரி.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: 2021இல் எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்த பிறகு, ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம் கிடைத்தால்தான் உண்டு என்ற நிலை இல்லை. இரண்டு வருட வேலை அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துக் காட்டலாம், பாராலீகலாக, அதாவது சட்ட உதவியாளராக, பார்த்த வேலையும் சேரும். ஆனால் தேர்வின் முதல் கட்டத்திலேயே 360 கேள்வி. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதப்போகிறவர்கள், தேர்வுக் கட்டணத்தை அலுவலகம் தருமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, கைக்காசுதான் போனது.