நகலெடுக்கும்போது காணாமல் போன வரிகள்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் நம் ஊர் மக்களை ஆஹா ஓஹோ என்று தன் டைரியில் புகழ்ந்திருக்கிறாராம். பெயர் இல்லை, வருஷம் இல்லை. "ஆதாரம் என்ன சித்தப்பா?" என்று கேட்டேன். "டைரியிலயே எழுதியிருக்கான்டா. டைரியில எவனாவது பொய் எழுதுவானா?" என்று பதில் வந்தது.

அங்கே நான் பேசாமல் இருந்துவிட்டேன். சித்தப்பாவிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருமில்லை. மனசில் இருந்ததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

டைரியில் வேண்டுமென்றே பொய் எழுதுபவர்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் யாரை ஏமாற்ற எழுதப் போகிறோம்? ஆனால் வெளிதேசம் போன பாதிரிமார்களும் பயணிகளும் அதிகாரிகளும் எழுதிய 'டைரி' என்று நம் கைக்கு வருகிறதே, அதில் பலவும் அந்த ராத்திரி எழுதியவையே இல்லை. பிற்பாடு சாவகாசமாக உட்கார்ந்து நகலெடுத்தவை. அதற்கும் பிற்பாடு இன்னொருவர் திருத்தி அச்சுக்குக் கொடுத்தவை.

டேவிட் லிவிங்ஸ்டன் பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீர்கள். பத்து வயதில் ஸ்காட்லாந்துப் பஞ்சாலை ஒன்றில் வேலைக்குப் போன பையன். பிறகு மருத்துவம் படித்து, லண்டன் மிஷனரி சொசைட்டியின் ஊழியராக 1841ல் தென்னாப்பிரிக்காவில் இறங்கினார். அப்புறம் மிஷனை விட்டு விலகி, 1858ல் பிரிட்டிஷ் கான்சல் என்ற அரசுத் தூதர் பதவியோடு ஜாம்பெசி நதிக்குப் போனார். பாதிரி, பயணி, அதிகாரி, மூன்றும் ஒரே ஆள். நான் சொல்ல வருவதற்கு இவரைவிடத் தோதான ஆள் கிடைக்க மாட்டார்.

1866ல் நைல் நதியின் ஊற்றைத் தேடிக் கடைசிப் பயணம் கிளம்பினார். 1871 மார்ச் கடைசியில் லுவாலாபா நதிக்கரையில் உள்ள நியாங்வே என்ற சந்தை ஊருக்கு வந்து சேர்ந்தார். இன்றைக்கு அது காங்கோ ஜனநாயகக் குடியரசில் இருக்கிறது. ஆற்றைக் கடக்கத் தோணி கிடைக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார். கையில் இருந்த காகிதம் தீர்ந்தது, மையும் தீர்ந்தது. மனுஷன் விடவில்லை. 1869 நவம்பர் 24 தேதியிட்ட 'ஸ்டாண்டர்ட்' என்ற லண்டன் செய்தித்தாளை எடுத்து, அச்செழுத்தின் மேலேயே குறுக்காக எழுதினார். மைக்கு ஏதோ ஒரு செடியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம்.

அவரோடு இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஜான்சிபாரிலிருந்து அவருக்கு உதவியாக அனுப்பப்பட்ட பத்துப் பேர், அங்கே கடை விரித்திருந்த இந்திய பனியா வியாபாரிகளின் அடிமைகள். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று ஆயுசு முழுக்க எழுதியவருக்கு வாய்த்த வேலையாட்கள் அடிமைகள்! சாப்பாட்டுக்கும் வழித்துணைக்கும் அவர் நம்பியிருந்தது அரபு அடிமை வியாபாரிகளை.

1871 ஜூலை 15. சந்தை நாள். ஆயிரத்துக்கும் மேல் கூட்டம், பெரும்பாலும் பெண்கள். துக்கும்பே என்ற வியாபாரியின் ஆட்கள் சிலர் துப்பாக்கியோடு சந்தைக்குள் வந்தார்கள். அதில் ஒருவன் ஒரு கோழிக்கு விலை பேசித் தகராறு செய்தான். அடுத்த சில நிமிஷங்களில் சூடு ஆரம்பித்தது. பெண்கள் தோணிகளை நோக்கி ஓடினார்கள். துறை குறுகலானது, தோணிகள் கவிழ்ந்தன, பலர் நீந்தப் பார்த்து நடு ஆற்றில் மூழ்கினார்கள். செத்தவர்கள் 330லிருந்து 400 வரை இருக்கலாம் என்று அந்த வியாபாரிகளே கணக்குச் சொன்னதாக லிவிங்ஸ்டன் எழுதிவைத்தார்.

இந்த விவரிப்பு, அவரைத் தேடிப் போன பத்திரிகைக்காரர் ஸ்டான்லி வழியாக 1872ல் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஜான்சிபார் சுல்தானுக்கு பிரிட்டன் கொடுத்த நெருக்கடிக்கு இதுவும் ஒரு காரணம். 1873 ஜூன் 5ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஜான்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே லிவிங்ஸ்டன் செத்துப்போயிருந்தார். ஒரு டைரிப் பக்கம் ஊரையே புரட்டிப்போட்டதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தப் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை.

ஆனால் உலகம் படித்தது அந்தச் செய்தித்தாள் கிறுக்கலை இல்லை. லெட்ஸ் என்ற கம்பெனியின் கெட்டி அட்டை போட்ட பெரிய டைரி ஒன்று அவரிடம் இருந்தது. கிறுக்கியதையெல்லாம் பிற்பாடு அதில் அழகாக நகலெடுத்து, முத்திரை வைத்து, 1872 மார்ச்சில் ஸ்டான்லியிடம் கொடுத்தனுப்பினார். அவர் இறந்த பிறகு நண்பர் ஹொரேஸ் வாலர் அதைத் தொகுத்து 1874 டிசம்பரில் புத்தகமாக்கினார். வாலரும் ஒரு பாதிரி. நண்பரின் பெயருக்குக் களங்கம் என்று பட்ட பலவற்றில் அவரும் தன் பங்குக்குக் கத்தரி போட்டார். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் எல்லோரும் மேற்கோள் காட்டியது இந்தப் புத்தகத்தைத்தான்.

மூலத் தாள்கள் அவர் பிறந்த ஊரான பிளான்டயரில் பத்திரமாகத்தான் இருந்தன. சாயம் மங்கி, காகிதம் நொறுங்கி, அச்செழுத்துக்கு நடுவே ஒன்றும் தெரியாத நிலை. 2010ல் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் வைத்து ஒவ்வொரு தாளையும் புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை பலவித ஒளிகளில் படம் எடுத்தார்கள். கறுப்பு அச்சு பின்வாங்கி, சிவப்புக் கையெழுத்து மேலே வந்தது. 2011 நவம்பரில் எல்லாப் பக்கங்களையும் இணையத்தில் யாரும் படிக்கலாம் என்று போட்டுவிட்டார்கள்.

கோழி, துப்பாக்கி, ஆறு எல்லாம் அதிலும் இருக்கிறது. படுகொலை நடந்தது உண்மை. மாறியிருப்பது அவருடைய சொந்த ஆட்களைப் பற்றிய வரிகள். அந்தப் பனியா அடிமைகள் செய்த அடாவடி, வன்முறை பற்றிக் களக்குறிப்பில் காட்டமாக எழுதியிருக்கிறார். நகலில் சில வரிகளைக் காணோம், சில மெலிந்து போயிருக்கின்றன. சந்தைச் சூட்டில் அந்த ஆட்களும் கைகோத்திருப்பார்களோ என்ற சந்தேகத்தை ஆய்வாளர்கள் எழுப்பினார்கள். நிரூபணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் விட முடியாத கேள்வி. தன் கூடாரத்து ஆட்கள் மேல் அவருக்கே சந்தேகமும் பயமும் இருந்தது, லண்டனுக்குப் போன பிரதியில் அது தேய்ந்துபோனது.

"அப்படியானால் லிவிங்ஸ்டன் பொய்யரா?" என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் என் சொந்த அனுபவம்.

நாலு வருஷம் சார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்கெழுதினேன். ஊரிலிருந்து கொண்டுபோன இன்சூரன்ஸ் டைரியில் தினமும் இரண்டு வரி எழுதுவது பழக்கம். ஒருமுறை எங்களோடு இருந்த பீகார் பையன் ஒருவனுக்கு இரண்டு மாதச் சம்பளத்தைச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு டைரியில், "கணக்கில் ஏற்றியது நான். வாய் திறக்கவில்லை" என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போன் பேசும்போது இதையே மனைவியிடம் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "பாவம், பையன் சம்பளத்தைப் பிடிச்சுட்டான். எல்லாரும் சத்தம் போட்டோம்." சத்தம் போட்டது இரண்டு மலையாளிகள். அந்த 'எல்லாரும்' எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வீட்டை நினைத்துக்கொண்டு வாய் திறந்தாலே நாக்கு தானாகத் திரும்பிவிடுகிறது.

வெளிதேசத்தில் எழுதுகிறவனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வீடு நிற்கிறது. எனக்கு மனைவி. பாதிரிமார்களுக்கு, பணம் அனுப்பும் சபையார். அதிகாரிகளுக்கு, மேலிடம். தரங்கம்பாடியில் 1706ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கதையும் இதுதான். அங்கிருந்து போன கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியில் ஹாலே நகரத்து மிஷன்காரர்கள் திருத்தி, நன்கொடையாளர்கள் படிக்க 1710லிருந்து அச்சிட்டார்கள். நம் கடவுளர்களைப் பற்றி அவர் 1713ல் எழுதி முடித்த பெரிய நூலை மட்டும் அச்சேற்றவில்லை. உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப அல்ல என்பது அங்கிருந்தவர்களின் நினைப்பு. கடைசியில் 1867ல் சென்னையில்தான் அது அச்சானது.

ஸ்டான்லி இன்னும் ஒரு படி மேல். லிவிங்ஸ்டனைச் சந்தித்த புகழ்பெற்ற காட்சிக்கு உரிய பக்கமே அவருடைய டைரியில் கிழிக்கப்பட்டிருக்கிறது. "டாக்டர் லிவிங்ஸ்டன் நீங்கள்தானே?" என்ற அந்தப் பிரபல வசனத்தை அவர் சொன்னாரா, பிற்பாடு சேர்த்தாரா, யாரிடம் போய்க் கேட்பது?

1873 ஏப்ரல் 27க்குப் பிறகு லிவிங்ஸ்டன் எழுதவில்லை. பால் ஆடு வாங்க ஆள் அனுப்பியதாகக் கடைசிக் குறிப்பு. சில நாளில் சித்தாம்போவின் கிராமத்தில் இறந்தார். இதயத்தை மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலை உப்பிட்டு உலர்த்தி, காகிதங்களோடு சேர்த்துக் கடற்கரைக்குச் சுமந்து வந்தார்கள் அவருடைய ஆப்பிரிக்க உதவியாளர்களான சூமா, சூசி முதலானவர்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம். இந்த ஆட்கள் இல்லையென்றால் அந்தப் பயணத்தின் கடைசிக் குறிப்புகள் காட்டோடு போயிருக்கும்.

அவர்களில் ஜேக்கப் வெய்ன்ரைட் என்று ஒருவர். ஆப்பிரிக்காவில் அடிமையாகப் பிடிபட்டு, மீட்கப்பட்டு, பம்பாய்க்கு அருகே நாசிக்கில் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். இறுதி ஜெபம் வாசித்ததும், மரத்தில் பெயர் செதுக்கியதும் அவர்தான். அந்த வழி நெடுக அவரும் டைரி எழுதினார். லிவிங்ஸ்டனின் புத்தகம், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்த அதே வருஷக் கடைசியில் கடைக்கு வந்துவிட்டது. வெய்ன்ரைட்டின் கையெழுத்துப் பிரதி எல்லோரும் பார்க்கும்படி இணையத்துக்கு வர 2019 ஆனது. லிவிங்ஸ்டனைப் படிக்க ஆசைப்படுகிறவர்களிடம், முதலில் இவரைப் படியுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி மனசு கேட்காமல் அந்தச் செய்தித்தாள் பக்கம் ஒன்றின் படத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்து அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"பேப்பர் மேலயே கிறுக்கி வச்சிருக்கான். இதைப் போய் எப்படிடா படிக்கிறது?"