அந்த அட்டையை வாங்கி வையுங்கள்

நேற்று பெரியாஸ்பத்திரி வாசலில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கார்டெல்லாம் வேணாம்க்கா, மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்" என்றாள். அவள் மகனுக்கு ஆறு வருடமாக மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான், ஆனால் வேலைக்குப் போகிற நிலையில் இல்லை.

அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கச் சொன்னபோது ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

என் மகனுக்குக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டான். எதிர்வீட்டு மாடியில் நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொள்வான். செய்வினை என்றார்கள், கயிறு கட்டினோம். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார்கள், அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை. மனநல மருத்துவரிடம் போய் உட்காருவதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. அந்த ஒன்றரை வருடத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் அங்கே போய் நிற்கிறேன். ஓ.பி. சீட்டு எங்கே, எந்த அறை, மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்று சொல்லுவேன். இன்னொரு அம்மா சொன்னால் காதில் ஏறுகிறது.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மனநோயும் அதில் ஒன்று. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி. தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறானா, மற்றவர்களோடு பழகுகிறானா, பேசுவதும் புரிந்துகொள்வதும் எப்படி, வேலை செய்கிறானா என்று நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். எத்தனை வருடமாக நோய் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இங்கேதான் நாம் தப்பு செய்கிறோம். டாக்டர் கேட்கும்போது, பெத்த பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராமல் "நல்லாத்தான் இருக்கான் சார்" என்று சொல்லிவிடுகிறோம். குளிக்கச் சொல்லி நாலு நாள் கெஞ்சியதைச் சொல்ல மாட்டோம். சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அப்பாவோ அம்மாவோ அரசு வேலையில் இருந்தவர் என்றால் இது இன்னும் முக்கியம். மனநோயால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு, பெற்றோர் காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. அதற்கும் மருத்துவச் சான்று வேண்டும். நாம் போன பிறகு அதற்கு யார் அலைவார்கள்?

என்னிடம் வருகிற அம்மாக்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு அப்புறம் இவனை யாரு பாப்பா?" 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் இறந்துபோனார்கள். அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். வழி தெரியாமல்தான் விட்டிருப்பார்கள். இன்று சங்கிலி போடுவதே குற்றம், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் வீடு தேடி வராது, நாம்தான் காகிதத்தோடு போய் நிற்க வேண்டும்.

சரி, மகள் கல்யாணம்? அந்த அட்டையை யாரும் வாசலில் ஒட்டப்போவதில்லை. பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கும். ஊருக்குத் தெரியாத எதையும் அது புதிதாகச் சொல்லப்போவதும் இல்லை. இதைத்தான் தங்கச்சியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "போட்டோ எத்தனை வேணும்க்கா?" என்று கேட்டாள்.

ஆதார், போட்டோ, பழைய சிகிச்சைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மகனோடு வரச் சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் நானே உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறுவேன்.