ஸ்கோப் வழியாக இரும்பு சைட்டா?
"துப்பாக்கியில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) முடிந்தவரை தாழ்வாக மாட்டுங்கள், பழுதானால் அதன் வழியாகவே இரும்பு சைட்டை (குழல் மேல் இருக்கும் சாதாரணக் குறிமுனைகளை) பார்த்துச் சுடலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உருப்பெருக்கம் இல்லாமல் சிவப்புப் புள்ளியைக் குறியாகக் காட்டும் ரெட் டாட்டுக்குத்தான் பொருந்தும். உருப்பெருக்கும் ஸ்கோப்பில் முன் சைட் வெறும் மங்கல் நிழல். லென்ஸ் உடைந்தால் அதுவும் கிடையாது. 45 டிகிரி சாய்த்து மாட்டும் சைட்டைப் பாருங்கள், இல்லையென்றால் ஸ்கோப்பைச் சட்டென்று கழற்றும் மவுண்ட் (தாங்கி) போடுங்கள்.

ஸ்கோப்பின் உயரத்தை முடிவு செய்வது உங்கள் கன்னம் ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் பின்கட்டையில்) எங்கே படிகிறது என்பதுதான். ஏஆர்-15 துப்பாக்கி மாதிரி, குழலின் நேர்க்கோட்டிலேயே அமைந்த ஸ்டாக்கில் தாழ்வாக மாட்டினால் கழுத்து வலிதான் மிச்சம். உயர்த்தினால் குறி தவறும் என்பதும் பாதி உண்மையே: 100 மீட்டருக்கு ஜீரோ செய்திருந்தால் (அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால்), 10 மீட்டரில் குண்டு ஏறக்குறைய குழலிலிருந்து ஸ்கோப் இருக்கும் உயரத்தின் அளவுக்குக் கீழே படும். 100 மீட்டரில் வித்தியாசமே இருக்காது.