மலைக்குச் சம்பந்தம் உண்டு அண்ணா
மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள நகரைப் பற்றி, "ஜார்ஜ்டவுன் வெள்ளத்துக்குக் கடல் ஏற்றமும் அடைத்த கால்வாயும்தான் காரணம், மலைக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடல் ஏற்றம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நகர் வழியாக ஓடும் பினாங்கு ஆற்றில் கலக்கும் ஆயர் ஈத்தாம் ஆறு கொடிமலை (பினாங்கு மலை) பக்கத்துச் சரிவுகளிலிருந்துதான் இறங்கி வருகிறது. அங்கே மரத்தை வெட்டி மண்ணைத் திறந்துபோட்டால் மழைநீர் ஊறாமல் ஓடிவரும், வண்டலையும் வாரிக்கொண்டு வரும். அது சமநிலத்தில் படிந்து ஆறு மேடாகும். அப்புறம் கீழே மட்டும் தூர்வாரினால் எத்தனை நாள் தாங்கும்? 2017 நவம்பர் 4, 5 மழையில் சரிவுகளும் சரிந்தன, ஊரும் மூழ்கியது. பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள நிலமும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலமாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அந்த வரையறையைத் தளர்த்தி அங்கே மரம் வெட்ட விட்டால் முதலில் நனைவது கீழே இருப்பவர்களின் வீடுதான்.