பைத்தான் என்று தட்டினால் பைத்தான் வர வேண்டாமா?

நிரல் எழுதுவது கஷ்டம் என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். எழுதுகிற இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்தான் உயிர் போகிறது.

நேற்று, பைத்தான் என்ற நிரல் மொழியைப் புதிதாகக் கற்க வந்த மூன்று பேருடன் உட்கார்ந்தேன். ஒருவரிடம் விண்டோஸ், ஒருவரிடம் மேக், இன்னொருவரிடம் லினக்ஸ் வகையான உபுண்டு. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து பைத்தான் என்று தட்டச் சொன்னது பாடத்தின் முதல் வரி. மூவரும் தட்டினார்கள். ஒருவருக்கும் வரவில்லை.

விண்டோஸில் செயலிக் கடை திறந்தது! அவர் பைத்தானை முந்தின நாளே நிறுவிவிட்டார். ஆனால் 2019 அப்டேட் ஒன்றிலிருந்து விண்டோஸ் 10 அந்தப் பெயரில் ஒரு பொய்க் கோப்பை வைத்திருக்கிறது. உண்மையான பைத்தான் பாத்தில், அதாவது கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியலில், இல்லாவிட்டால் அது குறுக்கே வந்து கடைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. பாத்தில் சேர்ப்பதற்கு நிறுவும்போது முதல் திரையின் அடியில் ஒரு டிக் பெட்டி உண்டு. அது தானாக டிக் ஆகியிருக்காது. பாத் என்றால் என்னவென்றே அறியாத ஒருவர் அதை ஏன் தொடப் போகிறார்? வெறும் 'பிஒய்' (py) என்று தட்டினால் வந்துவிடும், அதற்கென்றே பைத்தானைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் ஒன்று பைத்தான் 3.3 காலத்திலிருந்து இருக்கிறது. பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மேக்கில், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. மேக்கோடு கூடவே வந்துகொண்டிருந்த பழைய பைத்தான் 2.7-ஐ 2022-இல் மேக்ஓஎஸ் 12.3 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி. ஆனால் பைத்தான்3 என்று தட்டினால் டெவலப்பர் கருவிகள் மொத்தத்தையும் இறக்கட்டுமா என்று கேட்கிறது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்க வந்தவருக்கு எதற்கு அதெல்லாம்?

உபுண்டுவில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பைத்தான் உள்ளேயே இருக்கிறது! பெயருக்குப் பின்னால் 3 சேர்க்காததால் 'இல்லை' என்கிறது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பிறகும் எதற்கு இந்த 3? பைத்தான் என்றால் பைத்தான்3தான் என்று கணினிக்குப் புரியவைக்க மட்டும் தனியாக ஒரு பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதி, போட வேண்டும்.

அப்புறம் வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனியாக அமைக்கும் பைத்தான் சூழல். மற்ற இரண்டிலும் 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் இருக்கும், அதை இயக்கிவைக்கும் ஆக்டிவேட் கோப்பு, விண்டோஸில் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டரில். அதையும் விண்டோஸின் டெர்மினலில் இருக்கும் பவர்ஷெல் ஓடவிடாது, பாதுகாப்புக் கொள்கையாம். உபுண்டுவில் அதற்கும் வேறொரு பேக்கேஜ்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, நான் சமாளித்துக்கொள்வேன். மேக் வைத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்து, "நான் ஏதாவது தப்பாப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி தட்டினார். இப்படி முதல் நாளே 'எனக்கு இது வராது' என்று எழுந்து போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

பாடம் எழுதுகிறவர்களே, அந்த முதல் வரியை எழுதும் முன் வேறு இரண்டு கணினிகளில் தட்டிப் பாருங்கள். எந்தக் கணினியில் எந்தப் பெயர் என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். நேற்று எங்களுக்கு இரண்டு மணி நேரம் போனது. ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.