சஃபையர் போனது சரி, புளூ டைமண்ட் வழக்கம் ஏன் போச்சு?

சஃபையர் தியேட்டரின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை யாராவது போட்டுவிட்டால் போதும், 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று கமெண்ட் குவிந்துவிடும். எனக்குக் கட்டடத்தின் மேல் அவ்வளவு பெரிய ஏக்கம் கிடையாது. வேறொன்றின் மேல் உண்டு.

தெரியாதவர்களுக்காக: சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலம் பக்கம், 1964-இல் வந்தது சஃபையர் வளாகம். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கூரைக்குக் கீழே மூன்று தியேட்டர். மல்டிபிளெக்ஸ் என்ற பேச்சே இங்கே இல்லாத காலம் அது. பெரிய தியேட்டரான சஃபையரின் முதல் படம் 'கிளியோபாட்ரா'.

நான் சொல்ல வந்தது புளூ டைமண்டைப் பற்றி. அங்கே காலையில் தொடங்கி இரவு வரை ஒரே படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். சீட்டுக்கு நம்பர் இருந்தால் இதெல்லாம் நடக்காது. காலியாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்த என் சித்தப்பா இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். டாக்டர்கள் சாயங்காலம்தான் பார்ப்பார்கள். மே மாத மதியத்தில் கழுத்தில் டையோடு எங்கே போவது? பையைத் தூக்கிக்கொண்டு புளூ டைமண்ட் ஏசிக்குள் நுழைந்துவிடுவாராம். டார்ச் வெளிச்சத்தில் சீட்டைப் பிடித்து உட்கார்ந்தால் திரையில் கிளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு, அப்புறம் நிதானமாகக் கொலையைப் பார்ப்பார். தான் நுழைந்தபோது ஓடிய கட்டம் திரும்ப வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போவார், இவர் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பார். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஒரு டிக்கெட் காசில் நகரத்தின் நடுவே நிழலும் குளிரும் உட்கார இடமும். ரெப், காலேஜ் கட் அடித்த பையன்கள், இன்டர்வியூ முடிந்து ராத்திரி ரயிலுக்குக் காத்திருப்பவர் எல்லோருக்கும் அது ஒதுங்குமிடம். இன்றைக்கு அதே சாலையில் அப்படி ஒதுங்க என்ன இருக்கிறது? காபி ஷாப்பில் ஒரு கப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவீர்கள்?

தொண்ணூறுகளில் தியேட்டர் மூடப்பட்டது, இடம் ஒரு அரசியல் கட்சியின் கைக்குப் போனது, கட்டடத்தை இடித்தார்கள். நிலத்தின் விலைக்கு முன்னால் தியேட்டர் எம்மாத்திரம் என்று சமாதானம் சொல்வார்கள். இடித்த பிறகு வருஷக்கணக்கில் அது பொட்டலாகத்தானே கிடந்தது! அந்தச் சமாதானத்தை நான் நம்புவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே அண்ணா சாலையில் 1913-இல் வந்த எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் தப்பித்துவிட்டது. சினிமா மேல் இருந்த பாசத்தால் இல்லை, தபால் துறை வாங்கிக்கொண்டதால். இன்று அங்கே ஸ்டாம்ப் விற்கிறார்கள். 1914-இல் தென்னிந்திய சினிமாவின் முன்னோடி ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

கட்டடத்தைத் திரும்பக் கட்ட முடியாது, விடுங்கள். ஆனால் வார நாள் மதியக் காட்சிக்கு மல்டிபிளெக்ஸில் போய்ப் பாருங்கள்: பத்துப் பேர், அவ்வளவு பெரிய ஹாலுக்கு முழு ஏசி. ஒரே ஒரு ஸ்கிரீனை, திங்கள் முதல் வியாழன் வரை, நம்பர் இல்லாமல் புளூ டைமண்ட் மாதிரி ஓட்டிப் பார்த்தால் என்ன? நட்பு வட்டத்தில் தியேட்டர்காரர்கள் யாராவது இருந்தால் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். பாப்கார்னாவது கூடுதலாக விற்கும்.